அலைகடல் யார்க்கு?

ஓர் அட்டை. உள்ளங்கையில் அடங்கும் அளவு. வானைத் தொட முயலும் இரும்புக் கோபுரம். அதன் அடியிலே நீண்டு கிடக்கும் கடற்கரைச் சாலை. அலைகளின் மேல் நெடுந்தொலைவு செல்லும் நடைப்பாலம். மணலே தெரியாதபடி மக்கள் வெள்ளம்! தொப்பியணிந்த ஆடவர், கழுத்துவரை மூடிய உடையில் பெண்டிர், காலுறை கழற்றிவிட்டு அலையோடு ஆடும் சிறுவர். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலே உள்ள பிளாக்பூல் நகரின் படம் அது. முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் இத்தகைய அட்டைகள் குவியல் குவியலாக விற்றன. மறுபுறம் எழுதப்பட்ட செய்தியும் பெரும்பாலும் ஒன்றே: நலம், நல்ல காற்று, நீயும் இங்கு இருந்திருக்கலாகாதா!

அழகிய படம் என்று கூறி அலமாரியில் வைப்போர் வைக்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யார் இவர்கள்? பிரபுக்களா? மன்னர் குடும்பத்து மைந்தர்களா? மாளிகைவாசிகளா? அல்லர், தோழர்களே, அல்லர்! ஓல்டாம், போல்ட்டன், பிளாக்பர்ன் ஆகிய ஆலை நகரங்களிலே பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, இயந்திரத்தின் இரைச்சலிலே செவிப்புலனை இழந்து, நூல் நூற்றும் துணி நெய்தும் வாழ்ந்த லங்காஷயர் தொழிலாளர்கள். ஆலைக்குள் அடைபட்டுக் கிடந்தவன் அலைகடலோரம் வந்தது எப்படி? அதுதான் இந்த அட்டை சொல்லாமற் சொல்லும் வரலாறு.

கடற்கரை முதலில் அவனுக்கு உரியதாக இல்லை. 1750-களில் ரிச்சர்டு ரசல் என்ற மருத்துவர், கடல்நீரிலே குளிப்பதும் அந்நீரைப் பருகுவதும் நோய் தீர்க்கும் என்று எழுதினார். செல்வர் கூட்டம் தென்கரையின் பிரைட்டன் நோக்கி விரைந்தது. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் என முடிசூடிய இளவரசர், அங்கே குவிமாடங்கள் கொண்ட அரண்மனை ஒன்றை எழுப்பினார். உப்புக் காற்றும் உயர்குடிக்கே! உழைத்தவனுக்கோ உப்பு, அவன் வியர்வையில் மட்டும்!

அந்நாளைய ஆலை வாழ்வு எத்தகையது? விடியுமுன் சங்கொலி, இருட்டிய பின் வீடு. பிஞ்சுக் கரங்களும் இயந்திரத்திற்கு இரையாயின. ஒன்பது வயது நிரம்பாத குழந்தைகளைப் பஞ்சாலையில் அமர்த்தலாகாது என்று சொல்வதற்கே 1833-இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது! பெண்களுக்கும் இளைஞர்க்கும் நாளைக்குப் பத்து மணி நேர வேலையே என வரையறுத்தது 1847-ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் எளிதில் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் கூட்டங்கள், ஊர்வலங்கள், விண்ணப்பங்கள். 1850-இல் வந்த சட்டம், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அவர்களை ஆலையில் வைத்திருக்கக்கூடாது என்றது. அந்த அரைநாள் ஓய்வை முதலாளி அளித்த அன்பளிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். போராடிப் பெற்ற பொழுது அது.

இன்னொன்றும் உண்டு. பகுத்தறிவாளர் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. இங்கிலாந்தின் ஊர்தோறும், அவ்வூர்த் தேவாலயத்திற்குரிய புனிதரின் திருநாளுக்கு முன்னிரவு கண்விழிக்கும் வழக்கம் பழங்காலத்தில் இருந்தது. அதனால் அவ்விழாவுக்கு ‘வேக்ஸ்’ என்று பெயர். இரவு விழிப்பு என்பது பொருள். தொழில் பெருகிய காலத்தில் புனிதர் மெல்ல மறைந்தார். விடுமுறை மட்டும் நின்றது! ஆலை முதலாளிகள் அதனை ஒழிக்க முயன்றனர். தொழிலாளர் அசையவில்லை. விழா நாள் வந்ததும் வேலைக்கு வர மறுத்தனர். முடிவில் முதலாளிகள் இணங்கினர். ஊர் முழுவதும் ஒரே வாரம் ஆலைகளை மூடி, கொதிகலன்களைத் துப்புரவு செய்து, இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொள்ளலாம் என ஏற்பாடாயிற்று. ஊருக்கு ஒரு வாரமாகக் கோடைக்காலம் பங்கிடப்பட்டது. சாமியார் பெயரால் தொடங்கிய நாள், சாமானியன் மூச்சுவிடும் நாளாக மாறியது. திருவிழாவை நிறுத்திவிட்டால் மக்களின் மகிழ்ச்சி போய்விடுமே என்று அங்கலாய்ப்போர், இந்தக் கதையைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

1846-இல் பிளாக்பூலுக்குப் புகைவண்டிப் பாதை அமைந்தது. எந்த நீராவி அவனை ஆலையிலே கட்டிப் போட்டதோ, அதே நீராவி அவனைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அறிவியல் எவன் கையில் இருக்கிறதோ, அவன் விருப்பப்படி அன்றோ அது வேலை செய்யும்! தெருத் தெருவாகக் கிளம்பினர். அண்டை வீட்டாரே அங்கும் அண்டை அறையில். தங்கும் விடுதியை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். தங்க வந்தவர் தம் உணவுப் பொருளைத் தாமே வாங்கிக் கொடுப்பதும், விடுதிக்கார அம்மையார் அதனைச் சமைத்துத் தருவதும் வழக்கமாக இருந்தது. ஏன் இவ்வளவு சிக்கனம்? விடுமுறை வாரத்திற்கு ஊதியம் கிடையாது! அதனால் ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சில நாணயங்களைச் சேமிப்புக் கழகத்தில் கட்டி வந்தனர். அட்டையிலே சிரிக்கும் அந்த முகங்கள், ஐம்பது வாரம் வயிற்றைக் கட்டி வாங்கிய சிரிப்பு.

1871-இல் சர் ஜான் லபக் முயற்சியால் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது; ஆண்டில் சில நாட்கள் நாடு முழுவதற்கும் ஓய்வு நாட்களாயின. 1894-இல் பிளாக்பூல் கோபுரம் 518 அடி உயரத்தில் எழுந்தது. ஆனால் ஊதியத்துடன் கூடிய விடுமுறை? அதற்கு 1938 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டுச் சட்டமும், தொழில்தோறும் ஊதியம் வரையறுக்கும் அமைப்புகள் ஒரு வார விடுமுறைக்கு வழி செய்யலாம் என்ற அளவிலேயே நின்றது. நூறாண்டு உழைப்புக்கு ஒரு வாரம்! அதற்கும் தொழிற்சங்கங்கள் பல ஆண்டு குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி, அட்டையின் கதை. எமானுவேல் ஹெர்மன் என்னும் ஆஸ்திரியப் பொருளியல் பேராசிரியர், சிறு செய்திக்கு ஏன் உறையும் தாளும் வீணாக வேண்டும் என்று கேட்டார். 1869-இல் ஆஸ்திரியா-அங்கேரி அரசு உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. 1870-இல் பிரிட்டன் அதனை மேற்கொண்டது. கடிதத்துக்கு ஒரு பென்னி. அட்டைக்கு அரைப் பென்னி. வேலைக்காரர் படித்துவிடுவாரே என்று கனவான்கள் கலங்கினர். படிக்கக்கூடாதவன் படித்துவிடுவான் என்ற அச்சம் எந்நாட்டு மேட்டுக்குடிக்கும் பொது போலும்! அதே 1870-இல்தான் அங்கே தொடக்கக் கல்விச் சட்டமும் பிறந்தது. பள்ளிக்கூடம் எழுதப் படிக்கக் கற்பித்தது. அட்டை எழுத இடம் தந்தது. 1894-இல் தனியார் அச்சிட்ட அட்டைகளை அரைப் பென்னிக்கு அனுப்ப இசைவு கிடைத்தது. 1902-இல் பின்புறத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறுபாதியில் செய்தியும் எழுதலாம் என்றாயிற்று. முன்புறம் முழுவதும் படத்துக்கு! ஆலைத் தொழிலாளியின் மகள், தன் வாழ்விலே முதன்முறையாக, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தன் கையால் எழுதி ஊருக்கு அனுப்பினாள்.

சிரிப்பையும் விட்டுவைத்தார்களா? டொனால்டு மெக்கில் என்ற ஓவியர், கணவன் மனைவி சண்டை, குடிகாரன் தடுமாற்றம், பாதிரியாரின் திகைப்பு என்று பல்லாயிரம் கேலிப்பட அட்டைகள் தீட்டினார். கடற்கரைக் கடைதோறும் அவை தொங்கின. 1941-இல் ஜார்ஜ் ஆர்வெல் அவரைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். 1954 சூலையில் லிங்கன் நகர நீதிமன்றம், 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, ஆபாசம் என்று குற்றம் சாட்டி, 79 வயது முதியவருக்கு 50 பவுன் தண்டமும் 25 பவுன் வழக்குச் செலவும் விதித்தது. அந்தப் படங்களில் பெண்ணை எள்ளும் போக்கு உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை, கண்டிக்கலாம். ஆனால் குழந்தைகளை ஆலைக்கு அனுப்பியபோது நாணாத நல்லொழுக்கம், நாலு பேர் சிரித்தபோது நாணிற்றே, அதுதான் நகைப்புக்குரியது.

ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். அந்த ஆலைத் துணிதானே கப்பலேறி வந்து நம் கைத்தறிகளை ஊமையாக்கிற்று? பிளாக்பூலில் அவன் சிரிக்க, இங்கே நம் நெசவாளி பசித்தானே! உண்மை. ஆயின் ஆதாயம் எவன் பெட்டிக்குச் சென்றது? வாரம் சில நாணயம் சேமித்தவன் பெட்டிக்கா? 1931-இல் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற காந்தியார், லங்காஷயரின் டார்வென் வட்டாரத்துக்கே சென்று ஆலை மக்களைக் கண்டார். அன்னியத் துணி மறுப்பும் சேர்ந்து வேலையைப் பறித்த பகுதி அது. அம்மக்கள் அவரைப் பகைவராக நடத்தவில்லை; விருந்தினராக வரவேற்றனர். தறிக்காரனும் ஆலைக்காரனும் ஒருவரையொருவர் அறிந்தால், யார் யாருக்குப் பகை என்பது விளங்கிவிடும்.

நம் கடற்கரைக்கும் அந்த விளக்கம் வந்தது. 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி, இந்தியாவில் முதன்முதலாக மே நாள் விழாக் கொண்டாடினார். காற்று வாங்க மட்டும் இருந்த மணற்பரப்பு, உரிமை கேட்கும் களமாயிற்று. 1959-இல் அதே மெரினாவில் உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. நால்வர் சேர்ந்து பாறையைப் புரட்டுகின்றனர். ஒருவனால் ஆகாது என்பதைக் கல்லாதவனுக்கும் சொல்லும் சிலை.

பழைய அட்டையைக் கண்டால் படத்தோடு நின்றுவிடாதீர்கள், இளைஞர்களே! திருப்பிப் பாருங்கள். அங்கே எழுதியிருப்பது இரண்டே வரியாக இருக்கலாம். அந்த இரண்டு வரி எழுத ஒரு பள்ளிக்கூடம், ஒரு புகைவண்டி, பல சட்டங்கள், மூன்று தலைமுறைப் போராட்டம் தேவைப்பட்டன. அலைகடல் யார்க்கு என்று கேட்டவர்கள் இருந்ததால்தான், அந்தச் சிறுவன் காலுறை கழற்றி அலையில் நின்றான். இன்றும் ஓய்வறியாத உழைப்பாளி ஒருவன் உள்ளவரை, அந்தக் கேள்விக்கு ஓய்வில்லை.