கெடா தோட்டங்களில் மயானமும் கோமாளியும்

அச்சத்தையும் நகைப்பையும் பாட்டில் குழைக்கும் ஹாலோவீன் சுவையை மலேசியாவின் கெடா மாநிலத்தில் தேடுவோர், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டார ரப்பர் தோட்டங்களுக்கு, 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை வந்துகொண்டிருந்த தமிழர் தம்மோடு சுமந்துவந்த தெருக்கூத்து, இசைநாடக மரபுகளையே முதலில் நோக்க வேண்டும். அம்மரபுகளில் ஆடப்படும் அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தில், அதாவது அரசன் சுடுகாட்டுக் காவலனாகி, இறந்த தன் மகனை எரிக்கவும் கட்டணம் கேட்கும் பகுதியில், ஒப்பாரி உச்சத்தை நெருங்கும். ஆயினும் கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியாகிய கட்டியங்காரனுக்கு எந்தத் துயரக் கதையிலும் இடையில் புகுந்து கேலி பேச உரிமை உண்டு (அரசனும் அதற்குத் தப்புவதில்லை). அண்டை மலாய்க் கிராமங்களிலோ, தாய்லாந்தின் நாங் தலுங் மரபோடு உறவுடைய வாயாங் கெடெக் என்னும் தோற்பாவைக் கூத்து, இக்கால உடையணிந்த நகைப்பாத்திரங்களைத் தோலில் வெட்டி, இசையோடு திரையில் நிழலாக ஆட்டியது. நகைப்பாத்திரங்களை உருவமாக வெட்டிக் காட்டுவதால், கேலிச்சித்திரக் கலைக்கு இவற்றுள் மிக நெருங்கியது இப்பாவைக்கூத்தே.