தோட்டத்துக் கள்ளுக்கடையும் தொழிலாளியின் உடம்பும்

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் வரலாற்றைப் புரட்டினால் குடியைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். துரைமார் பார்வையில் அது தமிழனின் இயல்பு. சீர்திருத்தம் பேசியவர்களின் மேடைகளில் அது அவனுடைய பலவீனம். இரு தரப்பும் பழியைக் குடித்தவன் தலையிலேயே போட்டன. ஆனால் தோட்டத்தில் கள்ளை யார் விற்றார்கள், எங்கே, எந்த நேரத்தில் விற்றார்கள், அதைக் குடித்த உடம்பு மறுநாள் காலையில் என்ன வேலை செய்ய வேண்டியிருந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் வேறொரு சித்திரம் தெரிகிறது. மிதமிஞ்சிய குடி அங்கே தானாக முளைத்ததில்லை. கூலி, நேரம், இடம் மூன்றையும் தன் கைக்குள் வைத்திருந்த ஓர் ஏற்பாடு அதை ஊட்டி வளர்த்தது. அதற்கான விலையைத் தொழிலாளியின் ஈரலும் நரம்பும் அவன் வீட்டு அடுப்பும் கொடுத்தன.

தோட்டத்து நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும் என்பதால் பொழுது புலரும்போதே மரத்தில் கத்தி பட்டாக வேண்டும். ஓர் ஆளுக்கு 300, 400 மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் நேற்றைய வெட்டை ஒட்டி மெல்லிய ஒரு சீவல் மட்டும் எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு வெட்டவே லாயக்கில்லாமல் போகும். மரத்தைக் காயப்படுத்தியவனுக்கு, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் ஏச்சு நிச்சயம். மரத்தில் கட்டிய மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் சுமந்து வந்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு நிமிரும்போது பிற்பகல் ஆகியிருக்கும். கள்ளுக்கடை திறக்கும் நேரமும் அதுதான். பட்டணங்களில் கள்ளுக்கடை அரசாங்கத்தின் கையில் இருந்தது. தோட்டங்களில் அரசு உரிமத்தோடு நிர்வாகத்தின் மேற்பார்வையில் நடந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. பட்டணமோ பல மைல் தள்ளி. கோயிலை விட்டால் ஆண்கள் கூடி உட்கார வேறு இடம் இல்லை. குடும்பம் என்பதே பலருக்கு இல்லை: 1911 கணக்கெடுப்பின்போது மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 300 பெண்கள்தான் இருந்தார்கள். 1930களில் ஆணின் நாட்கூலி நல்ல காலத்திலேயே 50 காசு, பெண்ணின் கூலி 40 காசு. அந்தக் கூலியில் ஒரு பகுதி, அதைக் கொடுத்த தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே செலவாகித் தீர்ந்தது.

அந்தக் கள் உடம்பில் என்ன செய்தது என்பதை நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தென்னம்பாளையிலிருந்து சொட்டும் சாறு இனிப்பானது. கலயத்தில் விழுந்த கணம் முதலே புளிக்கத் தொடங்கி, அன்று மாலைக்குள் ஏறத்தாழ 5 விழுக்காடு சாராயச்சத்து உள்ளதாகிவிடும். ஒரு லிட்டரில் சுமார் 40 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் எரித்து வெளியேற்றக்கூடியது 7 முதல் 10 கிராம்தான். வேலை முடிந்து வந்தவன் பொழுது சாய்வதற்குள் 2 லிட்டர் குடித்தால், அது உடம்பை விட்டுப் போக எட்டு மணி நேரமாவது ஆகும். பதினோரு மணி நேரமும் ஆகலாம். அதாவது நள்ளிரவைத் தாண்டிப் பின்னிரவு வரை. குடித்தவுடன் கண் அயர்ந்தாலும், போதை இறங்கும் அந்தப் பின்னிரவில்தான் தூக்கம் கலையும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். சற்று நேரத்தில் பெரட்டுக்குக் கிளம்ப வேண்டும். வருடக்கணக்கில் இப்படிக் குடித்தவனின் கை, கள் இல்லாத காலை நேரத்தில் நடுங்கும். மெல்லிய சீவல் எடுக்க வேண்டிய கை அது. நடுக்கத்துக்கு மருந்து அன்று மாலை அதே கடையில் கிடைத்தது. குடியின் பிடி இறுகுவது இப்படித்தான். இதில் ஒழுக்கத்தைப் பற்றிய பிரசங்கத்துக்கு அதிக இடமில்லை. இதற்கு அப்பால் ஈரலில் கொழுப்பு படிவது, ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோப்பது, பாதம் மரத்துப்போவது எல்லாம் மெதுவாக வந்து சேரும். அதுவும் மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தத்தை ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டிருந்த உடம்புகளில். இவற்றில் எது ஒருவனைக் கொன்றது என்று பிரித்துச் சொல்வது அன்றைய தோட்டத்து மருத்துவமனையில் எளிதாக இருந்திருக்காது.

கள்ளுக்கு ஆதரவாகப் பேசியவர்களின் வாதங்களில் ஒன்று, அது சத்துள்ள பானம் என்பது. கள்ளில் மிதக்கும் ஈஸ்ட்டில் பி வைட்டமின்கள் உண்டு. அளவாகக் குடித்தால் அது உணவுக்குத் துணை என்றார்கள். ஈஸ்ட்டைப் பற்றிய தகவல் உண்மை. ஆனால் இந்த வாதத்துக்கு மறுப்பும் மலாயாவின் மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. பி1 குறைவால் வரும் பெரிபெரி அந்த நாட்டில் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய நோய். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது; புழுங்கலரிசி உண்ட தமிழர்களைப் பெரும்பாலும் தொடவில்லை. இதை பிராடன் என்ற மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்த சோதனையும், பிரேசரும் ஸ்டான்டனும் பிறகு செய்த ஆய்வுகளும் அதை உறுதிசெய்தன. ஆக, தமிழ்த் தொழிலாளிக்கு வேண்டிய பி1 அவன் சோற்றுப் பானையிலேயே இருந்தது. மிகுந்த குடி அந்தச் சத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது, ஈரலில் சேமித்து வைக்கவும் விடுவதில்லை. குடிக்குப் போன காசு அரிசியையும் குறைத்தது. புழுங்கலரிசி காப்பாற்றிக் கொடுத்த நரம்பைக் கள் பதம் பார்த்தது என்பதே சரி. எப்போதாவது ஒரு குவளை குடித்தவனுக்கு இது பொருந்தாதுதான். ஆனால் கடைகள் அவனை நம்பி நடக்கவில்லை. எந்த ஊரிலும் மது வியாபாரத்தின் பெரும்பங்கு வருமானம் அதிகம் குடிக்கும் சிலரிடமிருந்தே வருகிறது.

இன்னொரு வாதம், ஊரிலும் குடித்தவர்கள்தானே, பழக்கத்தைக் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள் என்பது. சேலம், திருச்சி, வட ஆர்க்காடு பக்கங்களிலிருந்து கங்காணிகள் திரட்டி வந்த மக்களுக்குக் கள் புதிதல்ல, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஊரில் பல இடங்களில் கள் என்றால் பனங்கள். பனைக்குப் பருவம் உண்டு. ஆண்டின் சில மாதங்கள் போக மற்ற நாளில் பாளை வற்றிவிடும். குடியும் அந்தப் பருவத்தோடும் திருவிழாவோடும் அறுவடைக் கூலியோடும் ஏறி இறங்கும். பெற்றோர், மாமன், பங்காளி என்று கேட்க நாதி இருக்கும். தென்னையோ ஆண்டு முழுவதும் சுரக்கும். தோட்டத்தில் சம்பளமும் ஆண்டு முழுவதும். பருவம் போட்ட தடை, சொந்தம் போட்ட தடை இரண்டும் அங்கே இல்லாமல் போயின. கொண்டுவந்த பழக்கம் உண்மைதான், ஆனால் அதற்கு வரம்பு கட்டியிருந்தவற்றை அவர்களால் கொண்டுவர முடியவில்லை.

மூன்றாவது வாதத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. கள்ளை நிறுத்தினால் சம்சு குடிப்பார்கள் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். சம்சு காய்ச்சி வடித்த சாராயம், கள்ளைவிடப் பல மடங்கு கடுமையானது. பிற்காலத்தில் நடந்ததைப் பார்த்தால் அந்த எச்சரிக்கையில் உண்மை இருந்தது. 40 விழுக்காட்டுச் சரக்கு 150 மில்லியில் இருப்பது சுமார் 47 கிராம் சாராயச்சத்து. ஒரு லிட்டர் கள்ளில் இருப்பதைவிட அதிகம். கள்ளில் வயிறு நிறைவதே ஒரு கட்டுப்பாடு. சட்டைப்பையில் அடங்கும் சின்னச் சீசாவில் அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. ஆகவே கடையை மட்டும் மூடிவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் தவறாக நினைத்தார்கள். ஆனால் இந்த வாதம் அதிகாரிகளை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மனிதன் ஏன் அந்த அளவுக்குக் குடிக்கிறான் என்ற கேள்விக்கே அவர்கள் போகவில்லை. கூலியை உயர்த்துவது, மாலைப் பொழுதுக்கு வேறு இடம் தருவது, குடும்பத்தோடு குடியேற வழிசெய்வது போன்றவை செலவு பிடிக்கும் பதில்கள். கள்ளுக்கடையோ வருமானம் தந்தது. கள் விற்ற லாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதி ஒதுக்கப்பட்டது. தகப்பன் குடித்த காசில் பிள்ளைக்கு நன்மை செய்யும் இந்த ஏற்பாட்டை நல்ல நிர்வாகம் என்று கருதினார்கள்.

தொழிலாளர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குத் தெளிவான சான்று 1941இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் போன்றவர்களின் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, துரையின் எதிரில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய அவமானத்துக்கு முடிவு, பிள்ளைகளுக்குக் கல்வி, இவற்றோடு சேர்த்துத் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. குடி தமிழனின் இயல்பு என்றால், தங்கள் இயல்பை ஒழிக்கச் சொல்லி அவர்கள் ஏன் வேலையை விட்டு நின்றார்கள்? கூலியும் மரியாதையும் கள்ளும் ஒரே முடிச்சு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசு நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் பல்லாயிரம் பேரைப் பறிகொடுத்த பின், கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஏ.எம். சாமி தலைமையில் அந்த இளைஞர்கள் தோட்டம் தோட்டமாகக் கள்ளுக்கடைகளை மறித்தார்கள், குடித்தவர்களைக் கண்டித்தார்கள், சில இடங்களில் தண்டித்தும் இருக்கிறார்கள். அந்தத் தண்டனைகளை நியாயப்படுத்த முடியாது. ஆனால் 1947இல் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலைப் போலீஸ் தடியால் கலைத்த வேகம், கடை யாருக்கு வேண்டியிருந்தது என்பதைக் காட்டிவிட்டது.

நாடு விடுதலை பெற்ற பிறகு கள்ளுக்கடைகள் படிப்படியாகக் குறைந்தன. அவை விட்ட இடத்தைச் சம்சுவின் சின்னச் சீசாக்கள் பிடித்தன. 1980களிலும் 90களிலும் தோட்டங்கள் வளர்ச்சித் திட்டங்களுக்காக விற்கப்பட்டு, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்துப் புறம்போக்குகளுக்குப் போனபோது சீசாவும் கூடவே போனது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் அதை எதிர்த்துப் பேசியது. 2018 செப்டம்பரில் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலை ஈரல் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது முதலில் பார்வை நரம்பைத் தாக்கும், பிறகு மூச்சை. இறந்தவர்களில் பெரும்பாலோர் நேபாளம், வங்கதேசம், மியான்மர் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். வந்த நாடு மாறியிருக்கிறது, தொழில் மாறியிருக்கிறது. குறைந்த கூலி, பிரிந்திருக்கும் குடும்பம், வேலை முடிந்ததும் கைக்கெட்டும் தூரத்தில் மிக மலிவான சரக்கு, இவை மூன்றும் அப்படியே இருக்கின்றன.