பிரஸ் பாக்ஸும் கேலரியும்

2019 நவம்பர் 12 அன்று 'தி அத்லெட்டிக்' இணைய இதழில் கென் ரோசன்தாலும் இவான் டிரெலிக்கும் எழுதிய செய்தி அமெரிக்க பேஸ்பாலை உலுக்கியது. 2017இல் உலகத் தொடரை வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, அந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் எதிரணியின் சைகைகளைக் கேமரா மூலம் திருடியது என்பதுதான் செய்தி. அடுத்த பந்தை எப்படி எறிய வேண்டும் என்பதை அந்நாளில் கேட்சர் விரல்களைக் காட்டித்தான் பிட்சருக்குச் சொல்வார். எதிரே, மைதானத்தின் நடுப்பகுதிக்கு அப்பால் இருந்த கேமரா அந்த விரல்களைப் பிடித்தது. ஆஸ்ட்ரோஸ் டக்அவுட்டுக்குப் பின்னால் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குப்பைத் தொட்டியைத் தட்டினார்கள். தட்டினால் வேகம் குறைந்த பந்து, சத்தம் இல்லையென்றால் வேகப்பந்து. பேட்டர் அதற்கேற்பத் தயாராக நிற்பார்.

அன்றைக்கே நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரசிகர் ஒருவர் ஒரு காணொளியை வெளியிட்டார். 'ஜாம்பாய்' என்ற பெயரில் ஆட்டப் பதிவுகளை அலசிவந்த ஜிம்மி ஓ'பிரையன் அவர். 2017 செப்டம்பரில் ஆஸ்ட்ரோஸுக்கு எதிராகச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பிட்சர் டானி ஃபார்குவார் பந்தெறிந்த சில நிமிடங்களை அதில் அவர் எடுத்துக்காட்டினார். தொட்டி அடிபடும் ஓசை தெளிவாகக் கேட்கிறது, மெதுவான பந்து வருகிறது. சத்தம் இல்லை, வேகப்பந்து வருகிறது. ஃபார்குவார் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து கேட்சரை அழைத்துப் பேசுகிறார். செய்தியைச் சந்தேகப்பட்டவர்களும் இதைக் கேட்டபின் வாயடைத்துப் போனார்கள்.

பேஸ்பாலில் தொழில்முறை நிருபரையும் தன்னிச்சையாக எழுதும் ரசிகரையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே குற்றம், இரண்டு விதமான சான்று. நிருபரின் சான்று ஒரு மனிதரின் வாக்குமூலம். ரசிகரின் சான்று எல்லோர் கையிலும் கிடக்கும் பதிவு.

எது உயர்ந்தது என்று கேட்டால் பலர் சட்டென்று பதிவைச் சொல்வார்கள். நான் தயங்குவேன். அந்த ஆட்டத்தின் பதிவு இரண்டு ஆண்டுகளாக யாரும் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தது. தட்டல் ஓசை அப்போதே அதில் இருந்தது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாததால் ரசிகர் காதில் அது விழவில்லை. மைக் ஃபையர்ஸ் என்ற பிட்சர், 2017இல் அதே ஆஸ்ட்ரோஸ் அணியில் ஆடியவர், தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்து நடந்ததைச் சொன்னார். ஃபார்குவாரும் அதே செய்தியில் பேசியிருந்தார். அதன் பிறகுதான் தேடுகிறவர்களுக்கு எந்த ஆட்டம், எந்த ஓசை என்று புரிந்தது. ஆஸ்ட்ரோஸைப் பற்றிய முணுமுணுப்பு மற்ற அணிகளிடையே நெடுநாளாக இருந்ததுதான். பெயரில்லாத முணுமுணுப்பை அச்சிடாமல், பெயர் சொல்லிப் பேச ஓர் ஆள் கிடைக்கும்வரை காத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் நெறி. அந்தக் காத்திருப்புக்குக் கிடைத்த பலன் மிகப் பெரியது. 2020 ஜனவரி 13 அன்று மேஜர் லீக் நிர்வாகம் அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம் விதித்து, பொது மேலாளர் ஜெஃப் லுனோவையும் மேலாளர் ஏ.ஜே. ஹிஞ்சையும் ஓராண்டு விலக்கிவைத்தது. அன்றே அணி இருவரையும் வேலையிலிருந்து நீக்கியது.

ரசிகரின் பங்கு அதோடு முடிந்துவிடவில்லை. டோனி ஆடம்ஸ் ஆஸ்ட்ரோஸ் அணியின் ரசிகர். தான் நேசித்த அணி எவ்வளவு தூரம் ஏமாற்றியது என்று தானே தெரிந்துகொள்ள விரும்பினார். 2017 பருவத்தில் ஹூஸ்டனில் நடந்த 58 ஆட்டங்களின் பதிவுகளை எடுத்தார். ஒலியைப் படமாகக் காட்டும் ஒரு செயலியை எழுதிக்கொண்டு, 8,274 பந்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தார். 1,143 பந்துகளுக்கு முன் தட்டல் இருந்தது. எந்த நாள், எந்த பேட்டர், எந்தப் பந்து என்று முழுவதையும் 2020 ஜனவரி இறுதியில் இணையத்தில் திறந்துவைத்தார். நம்பாதவர்கள் அந்த ஆட்டத்தை எடுத்துத் தாங்களே கேட்டுப் பார்க்கலாம். பத்திரிகையில் எத்தனை புலனாய்வுச் செய்திகள் வாசகருக்கு இந்த உரிமையைத் தருகின்றன? 'விவரமறிந்த வட்டாரங்கள் தெரிவித்தன' என்று எழுதும் நிருபரை நாம் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. ஆடம்ஸ் தன்னை நம்பும்படி கேட்கவேயில்லை.

ஆனாலும் பதிவில் ஏறாததை எந்த ரசிகராலும் எண்ண முடியாது. 2020 பிப்ரவரியில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்', சைகைகளை அவிழ்க்க ஆஸ்ட்ரோஸ் அலுவலகத்திலேயே 'கோட்பிரேக்கர்' என்றொரு கணினி ஏற்பாடு இருந்ததை வெளிப்படுத்தியது. லீக் தலைவர் லுனோவுக்கு எழுதிய கடிதம் அந்த இதழின் நிருபருக்குக் கிடைத்திருந்தது. குப்பைத் தொட்டியின் சத்தத்தை எத்தனை முறை கேட்டாலும் அந்த அலுவலக அறைக்குள் போக முடியாது.

உள்ளே போகும் உரிமைதான் இரு சாராருக்கும் நடுவே உள்ள பெரிய வேறுபாடு. கிரிக்கெட்டில் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் நிருபர் கால் வைக்க முடியாது. பேஸ்பாலில் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கிளப்ஹவுஸ் நிருபர்களுக்குத் திறந்திருக்கும். தோற்ற பிட்சரை அவருடைய லாக்கர் அருகிலேயே நின்று கேள்வி கேட்கலாம். இந்த உரிமை சும்மா கிடைத்ததன்று. உட்கார ஒழுங்கான இடம்கூடத் தரப்படவில்லை என்ற கோபத்தில் 1908இல் நிருபர்கள் ஒன்றுகூடி அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கினார்கள். 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' நிருபர் மெலிசா லட்கி, பெண் என்பதால் மறுக்கப்பட்ட அனுமதியை 1978இல் நீதிமன்றம் போய்ப் பெற்றார்.

அந்தச் சங்கமே தன் கதவை யாருக்கெல்லாம் சாத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பின வீரர்களை மேஜர் லீக்கில் சேர்க்க வேண்டும் என்று 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதியவர் வெண்டல் ஸ்மித். அந்தத் தடையைப் பின்னர் உடைத்த ஜாக்கி ராபின்சனின் பெயரை அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியிடம் எடுத்துச் சொன்னவரும் அவரே. அவருக்குச் சங்க அட்டை மறுக்கப்பட்டதால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து டைப் அடித்தார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய பேஸ்பால் செய்தி பிரஸ் பாக்ஸுக்கு வெளியே எழுதப்பட்டது. இணைய எழுத்தாளர்களைச் சங்கம் ஏற்கத் தொடங்கியது 2007 டிசம்பரில்தான். அப்போதும் அட்டையைத் தகுதிக்கு அளவுகோலாகக் காட்டிப் பேசியவர்கள் வெண்டல் ஸ்மித்தை நினைத்துப் பார்த்தார்களா தெரியவில்லை.

உள்ளே இருப்பதற்கு விலையும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல நிருபர்களின் ரயில் கட்டணத்தையும் ஓட்டல் செலவையும் அணிகளே கொடுத்தன. பின்னாளில் விளையாட்டு ஆசிரியர்கள் வகுத்த நெறிகள் செலவைப் பத்திரிகையே ஏற்க வேண்டும் என்றன. 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு படி மேலே போய், விருதுகளுக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் தன் நிருபர்கள் வாக்களிப்பதையே நிறுத்தியது. பணக் கணக்கை இப்படி விதி போட்டுச் சரிசெய்துவிடலாம். முகத்தாட்சண்யத்தை எந்த விதி சரிசெய்யும்? 1998 கோடையில் மார்க் மெக்வயர் ஹோம் ரன் சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தார். அவருடைய லாக்கரில் ஆண்ட்ரோஸ்டெனிடியோன் என்ற ஊக்கப்பொருள் புட்டி இருந்ததை அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீன் கண்டு எழுதினார். அப்போது பேஸ்பாலில் அதற்குத் தடை இல்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. அணியின் மேலாளர் அந்த நிறுவனத்தை உள்ளேயே விடக்கூடாது என்றார். அதைவிட வருத்தம் தருவது, சக நிருபர்களில் பலர் அவரை எட்டிப்பார்த்தவர் என்று ஏசியது. நாளை காலையும் அதே அறைக்குள் போய் அதே முகங்களைப் பார்க்க வேண்டிய அச்சம் அவர்களைப் பேசவைத்தது. மெக்வயர் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டது 2010இல்.

பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸின் பெயரும் சிக்கிய பால்கோ ஊக்கமருந்து விவகாரத்தைத் தோண்டிய 'சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' நிருபர்கள் மார்க் ஃபைனாரு-வாடாவும் லான்ஸ் வில்லியம்ஸும் அணியோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் அல்லர், புலனாய்வு நிருபர்கள். இரகசிய சாட்சியத்தைக் கொடுத்தது யார் என்று சொல்ல மறுத்ததால் 2006இல் 18 மாதம் வரை சிறை என்று நீதிபதி உத்தரவிட்டார். கொடுத்தவர் தானே ஒப்புக்கொண்டதால் கடைசியில் தப்பினார்கள். வாக்குக் கொடுத்த ஒருவருக்காகச் சிறைக்கும் தயாராக நிற்பது பத்திரிகைத் தொழிலின் ஆக உயர்ந்த நெறி. பின்னால் வழக்கறிஞரும் நிறுவனமும் இல்லாத தனி ரசிகரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வெளியே நிற்பவரின் பலத்தைக் காட்ட பில் ஜேம்ஸ் ஒருவர் போதும். கன்சாஸ் மாநிலத்தில் உணவு டப்பா ஆலையில் இரவுக் காவலாளியாக இருந்தபடி, ஸ்கோர் அட்டைகளை வைத்துக் கணக்குப் போட்டு 1977இல் 'பேஸ்பால் அப்ஸ்ட்ராக்ட்' என்ற தொகுப்பைத் தானே அச்சிட்டு விற்றார். எந்த வீரரிடமும் அவர் பேட்டி எடுக்கவில்லை. அதனால் எந்த வீரருக்கும் கடன்படவும் இல்லை. பத்திரிகைகள் பழக்கத்தால் சொல்லிவந்த பலவற்றையும் எண்களால் சோதித்தார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை ஆலோசகராக அழைத்தது 2002இல். 'சேபர்மெட்ரிக்ஸ்' என்று அவர் பெயரிட்ட ஆய்வுமுறை இன்று எல்லா அணிகளின் அலுவலகத்திலும் இருக்கிறது.

அதே தொலைவு கெடுதலும் செய்யும். 2009 ஜூனில் ஒரு ரசிகர், பிலடெல்பியா வீரர் ராவுல் இபான்யெஸ் 37 வயதில் திடீரென இத்தனை ஹோம் ரன் அடிப்பது எப்படி என்று எழுதினார். மைதானத்தின் அளவு, எதிர்கொண்ட பிட்சர்கள் என்று நியாயமான காரணங்களையும் எடைபோட்ட கட்டுரைதான் அது. முடிவில் ஊக்கமருந்துச் சந்தேகத்தை விட்டுவைத்தது. கையில் சான்று எதுவும் இல்லை, இபான்யெஸிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதைக் கண்டித்து 'பிலடெல்பியா இன்க்வயரர்' எழுத, கண்டனத்தின் மூலமே சந்தேகம் நாடெங்கும் பரவியது. என்னை எப்படி வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று அந்த வீரர் கொதித்தார். அவருடைய கோபம் முழுக்க நியாயமானது.

பத்திரிகைக்காரர் அப்படிச் செய்யமாட்டார் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் மர்ரே சாஸ் குறுக்கே வருகிறார். நெடுங்காலம் 'நியூயார்க் டைம்ஸ்' பேஸ்பால் பகுதியில் எழுதிய மூத்தவர், புதிய புள்ளியியலையும் இணைய எழுத்தாளர்களையும் கடுமையாகச் சாடியவர். 2008இல் வேலையை விட்டபின் சொந்தத் தளம் தொடங்கினார். அங்கே மைக் பியாசாவின் முதுகில் இருந்த பருக்களை வைத்து அவர் ஊக்கமருந்து எடுத்திருப்பார் என்று எழுதினார். பத்திரிகையில் இருந்தபோதே எழுத முயன்றதாகவும் ஆசிரியர்கள் அனுமதிக்கவில்லை என்றும் அவரே சொன்னார். பியாசா அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார், 2016இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். அதே மனிதர், அதே அனுபவம். குறுக்கே நின்று 'இது போகாது' என்று சொல்ல டெஸ்க்கில் ஓர் ஆள் இல்லாமல் போனதும், அவர் கண்டித்துவந்த ரசிகர்கள் செய்ததையே செய்தார். பத்திரிகையின் நெறி என்று நாம் போற்றுவதில் பெரும்பங்கு, கையெழுத்தில்லாத அந்த உதவி ஆசிரியர்களுடையது என்று நான் நம்புகிறேன்.

ஆஸ்ட்ரோஸ் விவகாரத்திலும் இதே குறை வந்து சேர்ந்தது. தண்டனை அறிவித்து மூன்று நாள் ஆகியிருக்கும். ஹூஸ்டன் வீரர்கள் 2019இல் சட்டைக்குள் அதிரும் கருவி வைத்திருந்தார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஒரு முன்னாள் வீரரின் உறவினர் என்று சொல்லிக்கொண்ட பெயர் தெரியாத கணக்கு அதன் ஊற்று. குடும்பத்தினர் அப்படி யாரும் இல்லை என்றார்கள். நவம்பரில் அவ்வளவு கச்சிதமாகப் பதிவைக் காட்டிய ஜாம்பாயும், பலரிடமிருந்து அதைக் கேள்விப்பட்டதாகப் பதிவிட்டார். காட்ட இந்த முறை காணொளி எதுவும் இல்லை. முந்தைய அக்டோபரில் யாங்கீஸைத் தோற்கடித்த ஹோம் ரன்னை அடித்துவிட்டு ஓடிவந்த ஹோசே ஆல்டுவே சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்ட காட்சியே சான்றாகச் சுற்றியது. அவர் மறுத்தார். இதையும் விசாரித்துவிட்டதாகவும் ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் லீக் அறிவித்தது.

ஆடம்ஸின் எண்ணிக்கை வெளியானது அதற்கு இரண்டு வாரங்களுக்குள். அது 2017க்கானது, 2019 வதந்திக்கு நேரடிப் பதிலாகாது. ஆனால் அந்தப் பட்டியலில் ஆல்டுவேயின் பெயருக்கு நேரே இருப்பது 24 தட்டல்கள், முக்கிய பேட்டர்களில் மிகக் குறைவானவற்றில் ஒன்று. 2021இல் யாங்கீ ஸ்டேடியத்தில் ரசிகர்கள் அவரைப் பார்த்துத்தான் ஓயாமல் கூச்சலிட்டார்கள். பட்டியலின் தலையில் 147 தட்டல்களோடு இருந்தவர் மார்வின் கோன்சாலஸ். 2020 பிப்ரவரியில், மின்னசோட்டா அணியின் பயிற்சி முகாமில் நிருபர்கள் கேட்டபோது, அவர் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார்.