கேம்பிலோபேக்டருக்கு வால் முளைத்த கதை

கோழியின் சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு குருட்டுப் பைகள் உண்டு. அங்குள்ள சளிப்படலத்தில்தான் கேம்பிலோபேக்டர் ஜெஜுனி என்ற கிருமி கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. பெரும்பாலும் கோழிக்கு ஒரு கேடும் இல்லை. மனிதர் பாடு வேறு. 1981-இல் ராபின்சன் என்ற ஆய்வாளர் வெறும் 500 கிருமிகளைப் பாலில் கலந்து தாமே குடித்துப் பார்த்தார். வயிற்றுவலியும் பேதியும் கண்டது.

இதுபோன்ற திருகு வடிவக் கிருமிகளை 1886-லேயே எஷெரிக், குழந்தைகளின் குடலில் கண்டு எழுதினார். அவரால் வளர்க்க முடியவில்லை. காற்றிலுள்ள அளவு ஆக்சிஜன் கேம்பிலோபேக்டருக்கு ஆகாது; கோழியின் உடல்சூடான 42 டிகிரிதான் பிடிக்கும். 1977-இல் இங்கிலாந்தின் வூஸ்டரில் ஸ்கிரோ என்ற ஆய்வாளர், மற்றக் கிருமிகளை அடக்கும் மருந்துகள் சேர்த்த ஊடகத்தில் இதை எளிதாக வளர்த்துக் காட்டினார். அவர் சோதித்த பேதி நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேரிடம் இது இருந்தது.

இதன் இரு முனைகளிலும் தலா ஒரு கசையிழை வால்போலச் சுழல்கிறது. கெட்டியான சளியிலும் துளைத்து நீந்தும் திறமை அதனால் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ஹென்ட்ரிக்சனும் டிரீட்டாவும் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்த கிருமிகளைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்து, எவை குடலில் நிலைக்கவில்லை என்று தேடினார்கள். 2004-இல் வெளியான முடிவில், தோற்றவற்றில் பல, நீந்தும் திறனையும் திசையறியும் திறனையும் இழந்தவையாக இருந்தன.

என்னை மிகவும் ஈர்ப்பது அந்த வால் முளைக்கும் வரிசை. கடைக்கால் சரியாக விழுந்ததா என்று பார்த்த பிறகே சுவர் எழுப்பும் கொத்தனாரின் நிதானம் அதில் இருக்கிறது. முதலில் செல்சவ்வில் அடித்தளமும் புரதங்களை வெளியே தள்ளும் வாயிலும் அமைகின்றன. அவை அமைந்ததும் எஃப்எல்ஜிஎஸ் என்ற புரதம் எஃப்எல்ஜிஆர் என்ற கூட்டாளியைத் தட்டி எழுப்புகிறது. சிக்மா 54 என்ற புரதத்தின் துணையோடு வாலின் தண்டுக்கும் கொக்கிக்கும் உரிய மரபணுக்கள் திறக்கின்றன. அதுவரை எஃப்எல்ஜிஎம் என்ற காவல் புரதம் சிக்மா 28 என்ற இன்னொரு புரதத்தைக் கட்டிப்போட்டிருக்கும். கொக்கி முடிந்ததும், அந்தப் புதுக் குழாய் வழியாகவே காவல் புரதம் வெளியேற்றப்படுகிறது. கட்டு அவிழ்ந்த சிக்மா 28, இழைக்கான முதன்மைப் புரதத்தைச் செய்ய ஆணையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத உயிரிடம் இவ்வளவு ஒழுங்கு!

இந்த ஒழுங்குக்குள் ஒரு தளர்ச்சியும் உண்டு. எஃப்எல்ஜிஆர் மரபணுவில் ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்கள் இருக்கின்றன. படியெடுக்கும்போது அங்கே ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ செய்தி குழம்பி, கிருமி வாலில்லாமல் நின்றுவிடும். பின்னொரு தலைமுறையில் எதிர்ப்பக்கம் சறுக்கினால் வால் மீண்டும் முளைக்கும். கோடிக்கணக்கான கிருமிகளில் நீந்துபவையும் நீந்தாதவையும் கலந்தே இருப்பதால், எந்தச் சூழல் வந்தாலும் சில பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

பிரிட்டனில் 2014-15-இல் கடைகளில் வாங்கிச் சோதித்த கோழிகளில் 73 விழுக்காட்டில் இக்கிருமி இருந்தது. நன்றாக வெந்தால் அது செத்துவிடும். ஆகவே பச்சைக் கோழிக்கறியைக் குழாய்த் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவாதீர்கள். தெறிக்கும் துளிகளோடு கிருமியும் பரவும். கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் எடுக்காதீர்கள்.