ஸ்கொத்லாந்தில் குடும்பப்பெயர் மாற்றங்கள்: ஒரு சமுதாய வரலாற்று நோக்கு

நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பெயர்களை ஊன்றி நோக்குவோர், அவற்றுட் பல ஸ்கொத்லாந்தின் இடப்பெயர்களாக இருத்தலைக் காண்பர். டன்சினன், பல்மோரல், ஹொலிறூட் என்பன அவ்வாறு வந்தவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஸ்கொத்லாந்துத் துரைமார் தம் நாட்டுப் பெயர்களை நம் மலைகளுக்கு இட்டுச் சென்றனர். ஆயின், அந்நாட்டின் மலைப்பகுதிக் குடியானவர் பலர் தம் சொந்தப் பெயர்களையே காத்துக்கொள்ள இயலாதவராய் இருந்தனர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தியாகும்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாழும் ஸ்கொத்லாந்து வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடிப் பழைய பதிவேடுகளைப் புரட்டும்போது, மூன்று நான்கு தலைமுறைகளுக்கு அப்பால் குடும்பப்பெயர் திடீரென மறைந்துவிடுவதைக் காண்கின்றனர். ஜோன்சன் என்று தேடப்படும் குடும்பம் மக்கியன் என்ற பெயரின் கீழ்க் கிடக்கின்றது; ஸ்மித்தின் பாட்டன் மக்கவன் ஆகின்றான். எழுதுவினைஞரின் கவனக்குறைவே இதற்குக் காரணம் என்று கூறி அமைதல் வழக்கம். அது முழு உண்மையன்று. நிலம், சட்டம், மொழி, அரச நிர்வாகம் ஆகிய நான்கும் சாதாரண மக்களின் வாழ்வில் எவ்வாறு குறுக்கிட்டன என்பதன் சுவடுகளே பெரும்பாலான பெயர்மாற்றங்கள் என்பதை எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தந்தைபெயர் மரபு

ஸ்கொத்லாந்தின் மேட்டுநிலங்களிலும் மேற்குத் தீவுகளிலும் வழங்கிய கேலிக் மொழியில், ‘மக்’ என்பது மகன் எனவும் ‘நிக்’ என்பது மகள் எனவும் பொருள்படும். (தமிழின் ‘மக’ என்பதுடன் இதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானது, அதனைக் கொண்டு மொழியுறவு காண முற்படுதல் பொருந்தாது.) ஒருவன் இன்னான் மகன், அவன் இன்னான் மகன் என இரண்டு மூன்று தலைமுறைகளைச் சேர்த்துச் சொல்வதே ஊரில் ஒருவனை இனங்காட்டும் முறையாக இருந்தது. தந்தையின் பெயரை முன்வைத்து வழங்கும் தமிழருக்கு இம்முறை எளிதில் விளங்கும். இவ்வமைப்பிற் பெயர் தலைமுறைதோறும் மாறும். மாறுதலே அதன் இயல்பு. அது குடும்பத்தின் நிலையான முத்திரையன்று. ஓர் உறவைச் சுட்டும் சொல்லேயாகும்.

வடகோடியிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளிலும் இத்தகைய மரபே நிலவிற்று. 1469 ஆம் ஆண்டில் டென்மார்க்–நோர்வே மன்னனால் மகளின் சீதனத்துக்கு ஈடாக ஸ்கொத்லாந்து அரசிடம் வைக்கப்பட்ட இத்தீவுகளில், மக்னஸின் மகன் மான்சன் என்றும், மகள் மக்னஸ்டோட்டர் என்றும் வழங்கும் ஸ்கண்டிநேவிய முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. இங்கு அண்ணனும் தங்கையும் வேறு வேறு இறுதிப்பெயருடன் பதிவாகியிருப்பின் அவர்கள் வேறு வேறு குடும்பத்தினர் எனக் கருதுதல் தவறு.

வடகிழக்குக் கரையின் பக்கி முதலிய மீனவர் ஊர்களிலோ நிலைமை இதற்கு மறுதலையானது. அங்கு ஓர் ஊரின் பெரும்பகுதியினர் ஓரிரு குடும்பப்பெயர்களையே கொண்டிருந்தனர். ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தையும் பிரித்தறிய ‘டீப்பெயர்’ எனப்படும் பட்டப்பெயர்கள் வழங்கின. வாழ்வில் உண்மையாகப் பயன்பட்ட பெயர் இதுவே. பதிவேடுகள் சிலவற்றில் இதுவும் சேர்த்தெழுதப்பட்டது.

2. குலப்பெயரும் நிலவுறவும்

கேலிக் மொழியிற் ‘கிளான்’ என்னும் சொல்லுக்குப் பிள்ளைகள் என்பது பொருள். ஒரே பெயருடைய அனைவரும் ஒரு மூதாதையின் பிள்ளைகள் என்னும் கருத்து இச்சொல்லில் உறைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கற்பனைநவிற்சி இதனை வளர்த்தது. கட்டம்போட்ட கம்பளித் துணிகளை விற்றோர் இதனை வாணிகமாக்கினர். ஆயின், வரலாறு காட்டும் உண்மை வேறாகும். குலத்தலைவனின் நிலத்திற் குடியிருந்தோரும், அவனது பாதுகாப்பை நாடியோரும், அயற்குலத்திலிருந்து ஓடிவந்தோரும் அவனது பெயரைத் தமதாக்கிக் கொண்டனர். ஒரு மூடை மாவுக்காகப் பிரேசர் எனப் பெயர் பூண்டவர்களைப் பற்றிய வாய்மொழி மரபு இன்றும் வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அதன் உட்பொருள் தெளிவு: குருதியுறவென்று பின்னர் போற்றப்பட்டது பல வேளைகளிற் குடிவார உறவேயாகும். ஒரே குடும்பப்பெயருடையோர் அனைவரும் ஒரே தந்தைவழியினர் அல்லர் என்பதை அண்மைக்கால மரபணு ஆய்வுகளும் உறுதிப்படுத்தியுள்ளன.

இதனால் ஒரு முக்கிய விளைவு உண்டாயிற்று. ஒரு குடியானவன் ஒரு தலைவனின் நிலத்திலிருந்து மற்றொருவனின் நிலத்துக்குப் பெயர்ந்தபோது அவனது பெயரும் பெயரலாயிற்று. 1746 ஏப்ரில் 16 ஆந் திகதி கலோடன் போரில் யாக்கோபியர் தோல்வியுற்றதன் பின், குலத்தலைவரின் பரம்பரை நீதியதிகாரங்கள் ஒழிக்கப்பட்டன. தலைவன் வெறும் நிலப்பிரபு ஆனான். ‘பிள்ளைகள்’ வாடகைக் குடிகள் ஆயினர். ஆடு வளர்ப்பு வாடகையினும் மிகுந்த இலாபம் தருவதாயிற்று. 1814 இலும் 1819 இலும் சதர்லாந்துப் பெருநிலத்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலிருந்து குடிகள் வெளியேற்றப்பட்டபோது, ஒரே பெயருடைமை அவர்களைக் காக்கவில்லை. அவர்கள் கடலோரங்களுக்கும் நகரங்களுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சிதறினர். பெயர்மாற்றத்தின் அடுத்த கட்டம் அங்குத் தொடங்குகின்றது.

3. சட்டத்தால் அழிக்கப்பட்ட பெயர்

பெயருக்கும் அரசதிகாரத்துக்கும் உள்ள தொடர்பை மக்கிரெகர் குலத்தின் வரலாறு போல் வெளிப்படையாகக் காட்டுவது பிறிதில்லை. வழிவழியாக நிலத்தில் வாழ்ந்த உரிமை ஒன்றே இவர்களிடம் இருந்தது. அயலவரான காம்பல் குலத் தலைவர்களிடமோ அரசன் வழங்கிய எழுத்துறுதிகள் இருந்தன. எழுதப்பட்ட உரிமையின் முன் வழக்குரிமை படிப்படியாகத் தோற்றது. நிலமிழந்தோர் கொள்ளையிலும் சண்டையிலும் இறங்கினர். 1603 பெப்ரவரியில் கிளென் புறூயின் என்னுமிடத்திற் கொல்கூன் குலத்தவரை இவர்கள் வென்றதைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஏப்ரில் 3 ஆந் திகதி அரசவை ஆணையொன்று பிறந்தது. மக்கிரெகர் என்னும் பெயரைத் தரித்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆறாம் ஜேம்ஸ் மன்னன் இங்கிலாந்தின் முடியையும் ஏற்கும் பொருட்டு இலண்டனுக்குப் புறப்பட்டது அதற்கு இரு நாட்களின் பின்னராகும்.

1617 இற் பாராளுமன்றம் இவ்வாணையை உறுதிசெய்தது; 1633 இல் மற்றொரு சட்டம் அதனைக் கடுமையாக்கியது. 1661 இல் தடை நீக்கப்பட்டது. 1693 இல் மீண்டும் விதிக்கப்பட்டது. 1774 இலேயே முற்றாக ஒழிந்தது. இடைப்பட்ட காலத்தில் இம்மக்கள் மறே, கிரான்ற், டிரம்மண்ட், கிரேயம், ஸ்ருவேட் எனப் பல பெயர்களுட் புகுந்து மறைந்தனர். 1671 இற் பிறந்து 1734 இல் இறந்த புகழ்பெற்ற றொப் றோய், தன் தாயின் குடும்பப்பெயரான காம்பல் என்பதைப் பூண்டான். தன் முன்னோரின் நிலத்தை விழுங்கிய குலத்தின் பெயரே அவனுக்குப் புகலிடமாயிற்று என்பது வரலாற்றின் முரண்நகை. தடை நீங்கிய பின் குலத்தலைவராக ஏற்கப்பட்டவரும் மறே என்னும் பெயரையே தாங்கியிருந்தார். அவரது குடும்பம் 1822 இலேயே பழைய பெயரை முறைப்படி மீட்டது. தலைவர் குடும்பத்துக்கு அரச அனுமதி கிடைத்தது. ஆனால், சாதாரண குடிகளிற் பலர் புகுந்த பெயரிலேயே நிலைத்துவிட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தம்மை வேறு குலத்தினர் என எண்ணுதல் இயல்பே.

4. மொழிபெயர்க்கப்பட்ட மனிதர்

சட்டம் செய்ததிலும் பரந்த அளவில், ஆனால் ஓசையின்றி, மாற்றத்தை நிகழ்த்தியது மொழியாதிக்கமாகும். 1616 இல் அரசவை, கிராமப் பாடசாலைகள் வாயிலாக ஆங்கிலத்தைப் பரப்பிக் கேலிக் மொழியை ஒழிப்பதைத் தன் நோக்கமாக அறிவித்தது. 1872 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக் மொழிக்கு எவ்விடமும் அளிக்கவில்லை. குருவானவரும் கணக்கப்பிள்ளையும் பாடசாலை ஆசிரியரும் ஆங்கிலத்தில் எழுதினர். பெயருக்குரியவனோ பெரும்பாலும் எழுத்தறியாதவன்.

இந்நிலையில் ஒரு பெயருக்கு மூன்று கதிகள் நேர்ந்தன. ஒலியைப் பின்பற்றி எழுதுதல் ஒன்று; பொருளை மொழிபெயர்த்தல் மற்றொன்று; ஏறக்குறைய ஒத்த ஆங்கிலப் பெயரை இடுதல் பிறிதொன்று. ‘தச்சன் மகன்’ எனப் பொருள்படும் கேலிக் பெயர் ஒலிவழி மக்கின்ரயர் ஆயிற்று. பொருள்வழி றைற் ஆயிற்று. ‘கொல்லன் மகன்’ மக்கவன், கவ், ஸ்மித் என மூவகையாகப் பிரிந்தான். டொனால்டின் மகன் மக்டொனால்ட், மக்கொனல், டொனால்ட்சன் ஆனான். உடன்பிறந்தோர் மூவர் மூன்று ஊர்களில் மூன்று பெயருடன் பதிவாகக்கூடிய நிலை இது. பெண்களுக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. ‘நிக்’ என்னும் முன்னொட்டைப் பழைய பதிவேடுகள் சில பேணின. பின்வந்தோர் அதனை விலக்கி, மகளையும் ‘மக்’ என்றே எழுதினர். மொழி உணர்த்திய வேறுபாட்டை நிர்வாகம் அழித்துவிட்டது.

ஏட்டு மரபின் அழிவும் இதனோடு இணைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்த மூரியக் என்னும் கவிஞனின் வழியில், மக்வூரிக் எனப்பட்ட புலவர் பரம்பரை பல நூற்றாண்டுகள் தொடர்ந்து, பின்னாளில் கிளான்றனால்ட் தலைவரை ஆதரவாளராகக் கொண்டது. 1800 இல் அப்பரம்பரையினரான லக்லன் என்பவர் அளித்த வாக்குமூலத்தில், தமக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றும், குடும்பத்துத் தோலேடுகள் சில தையற்காரரின் அளவுநாடாக்களாக வெட்டப்பட்டன என்றும் கூறினார். அவ்வழியினர் பலர் பின்னர் கரீ எனவும் மக்பேர்சன் எனவும் பதிவாயினர். ஒரு புலமை மரபு அழிந்தபோது அதனைச் சுட்டிய பெயரும் உடன் அழிந்தது.

அச்சுப்பொறியும் தன் பங்கைச் செலுத்தியது. பழைய ஸ்கொத்து மொழியில் யகர ஒலிக்கு நெருங்கிய ஒலிகளைக் குறித்த ‘யொக்’ என்னும் எழுத்து அச்செழுத்துகளில் இல்லாமையால், உருவொப்புமை கொண்ட ஆங்கில இறுதியெழுத்தை அச்சிட்டோர் பயன்படுத்தினர். அதன் விளைவாக, மிங்கிஸ் என ஒலிக்கப்பட்ட குடும்பப்பெயர் மென்சீஸ் என வாசிக்கப்படலாயிற்று.

5. பதிவேடுகளை வாசிக்கும் முறை

இவற்றை மனங்கொண்டு நோக்கின், முன்னோரைத் தேடுவோன் பெயரை மட்டும் பற்றிச் செல்லுதல் ஆகாது என்பது பெறப்படும். 1553 இல் எரோல் என்னும் ஊரிற் தொடங்கும் திருச்சபைப் பதிவேடுகள் பல இடங்களிற் குறையுடையன. 1843 இல் திருச்சபை பிளவுண்டபோது, பிரிந்து சென்றோரின் பிள்ளைகள் பலர் அவற்றில் இடம்பெறவில்லை. 1855 சனவரி முதலாந் திகதி தொடங்கிய அரசாங்கப் பதிவோ மிக விரிவானது. இறப்புப் பதிவிலும் இறந்தவரின் தாயினது பிறந்தவீட்டுப் பெயர் கேட்கப்பட்டது. ஸ்கொத்லாந்திற் பெண்கள் மணத்தின் பின்னும் தம் சொந்தக் குடும்பப்பெயரைச் சட்ட ஆவணங்களிலும் கல்லறைகளிலும் பேணிய வழக்கம் ஆய்வாளனுக்குப் பெருந்துணையாகும். தந்தைவழிப் பெயர் குழம்பும் இடத்தில் தாய்வழிப் பெயரே பலமுறை வழிகாட்டுகின்றது.

மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயரையும் இடும் வழக்கமும் உண்டு. குடும்பப்பெயர் மாறினும் முதற்பெயர்களின் இவ்வொழுங்கு பெரும்பாலும் மாறுவதில்லை. ஆயினும் இது வழக்கமேயன்றி விதியன்று. ‘மக்’ என்பதன் முழுவடிவம் ஸ்கொத்தருக்குரியது, சுருக்கவடிவம் ஐரிஷ் மக்களுக்குரியது என்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அவை ஒரே சொல்லின் இரு எழுத்துமுறைகளே. ஊர், தொழில், அயலவர், நிலப்பிரபுவின் வாடகைக் கணக்கு ஆகியவற்றை ஒருங்கு வைத்து ஒப்பிடுதல் வேண்டும். ஜோர்ஜ் பிரேசர் பிளாக் 1946 இல் வெளியிட்ட ஸ்கொத்லாந்துக் குடும்பப்பெயர் அகராதி, வெவ்வேறு பெயர்வடிவங்களை ஆண்டுச் சான்றுகளுடன் தொகுத்தளிப்பதால் இன்றும் பயனுடையது.

ஒவ்வொரு பதிவின் முன்னும் ஆய்வாளன் கேட்க வேண்டிய வினா, ‘இவன் பெயர் யாது?’ என்பது மட்டுமன்று. ‘இதை எழுதியவன் யார்? எம்மொழியில், யாருக்காக எழுதினான்?’ என்பனவும் ஆகும். ஆள்வோரின் வரலாறு அவர்கள் விட்டுச்சென்ற பத்திரங்களில் உள்ளது. ஆளப்பட்டோரின் வரலாறோ பிறர் எழுதிய பத்திரங்களின் பிழைகளிலும் திருத்தங்களிலும் மாற்றெழுத்துகளிலும் மறைந்து கிடக்கின்றது. பிழையென ஒதுக்கப்படுவதே சிலவேளை தலையாய சான்றாகிவிடுகின்றது.

இவ்வுண்மை நமக்குப் புறம்பானதன்று. ஸ்கொத்லாந்துப் பெயர் தாங்கிய நம் தோட்டங்களில் உழைத்த தமிழரும் பிறர் கையால் எழுதப்பட்டவர்களே. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து 1949 இல் வந்த சட்டமும் எழுத்துச் சான்றுகளைக் கோரியபோது, பதிவேட்டின் ஒரு வரி மனிதனின் வாழ்வையே தீர்மானிக்கக்கூடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தனர். அத்தோட்டங்களின் பெயர்ப்பட்டியல்களும் பிறப்புப் பதிவுகளும் இதே கண்கொண்டு வாசிக்கப்படுதல் வேண்டும். அப்பணி இனித் தள்ளிப்போடத் தக்கதன்று.