சிறுதேரும் தங்கவயலும்: மாதிரி வண்டிகளின் வரலாறு குறித்து

மாடல் கார்களைச் சேகரிப்பதும் செய்வதும், அவற்றைக் கொண்டு சிரிப்பூட்டும் சிறு காட்சிகளை அமைப்பதும் மேலைநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுகின்றனர். இக்கருத்து பாதி உண்மை. பிளாஸ்டிக் உதிரிகளும் அச்சுவார்ப்பு உலோகக் கார்களும் வெளியிலிருந்து வந்தவைதாம். ஆனால் ஊர்ந்து செல்ல முடியாத ஒரு வண்டியைச் சிறிதாகச் செய்து மகிழும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. அப்பழமையை நினைவூட்டி, ஆண்டர்சன்பேட்டை போன்ற ஒரு சுரங்க நகரத்தில் இக்கலைக்கு இன்றுள்ள பணி என்ன என்பதையும் இப்பதிவில் எழுத விழைகிறேன்.

சங்க இலக்கியத்திலிருந்து தொடங்கலாம். குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் பாடிய பாட்டொன்றில் தச்சன் செய்த சிறு வண்டி வருகிறது. சிறுவர்கள் அதில் ஏறிச் செல்வதில்லை. ஆயினும் கையால் இழுத்தே இன்பம் அடைகின்றனர். காதலைப் பற்றிய கூற்றில் உவமையாக வந்த செய்திதான் இது. எனினும், இன்று மேசையின்மேல் கைப்பிடியளவு காரை வைத்து அழகு பார்க்கும் ஒருவரின் மனநிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட இயலாது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் இரு நெடும்பாட்டுகளிலும் சிறுதேர் உண்டு. பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் உணவைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் தம் பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அந்தக் குழை, குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரின் வழியில் கிடந்து அதைத் தடுத்துவிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைக் காட்ட எழுந்த காட்சி இது. அதே வேளையில் நல்ல நகைச்சுவைக் காட்சியுமாகும். ஊரே வியக்கும் பொன், குழந்தைக்கு வெறும் சாலைத்தடையாகிவிடுகிறது.

பெரும்பாணாற்றுப்படை மற்றொரு செய்தியைத் தருகிறது. அங்கே தேரைச் செய்தவர்கள் தச்சர்வீட்டுச் சிறுவர்கள். அதை உருட்டி விளையாடியவர்களோ, களைத்தபின் செவிலியரிடம் பாலுண்டு படுக்கையில் உறங்கும் செல்வர்வீட்டுப் பிள்ளைகள். செய்தவன் ஒருவன், ஆடியவன் மற்றொருவன் என்னும் இப்பிரிவு கவனிக்கத்தக்கது.

வடமொழியில் சூத்திரகர் எழுதிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தின் பெயரே ஒரு பொம்மை வண்டியைக் குறிக்கிறது. பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியார் அதைத் தமிழில் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று பெயர்த்தார். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைப் பார்த்த சிறுவனுக்குத் தன் மண்வண்டி பிடிக்கவில்லை, அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளை அந்த மண்வண்டியில் நிரப்பித் தருகிறாள். பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமாகச் சிறுதேர் உருட்டலே அமைந்தது. ஆக, பொம்மை வண்டி நம் இலக்கியத்திற்கு அயலானதன்று. பொன்னுக்கும் அதற்கும் இடையே ஒரு பழைய உரசலும் இருந்து வந்துள்ளது.

இனிக் காட்சியமைப்பு. ‘டயோரமா’ என்னும் சொல்லை 1822-இல் பாரிசில் டாகுவேர் நடத்திய ஒளி-ஓவியக் காட்சி பரப்பியது. பின்னர் அது சிற்றுருவங்களால் அமைந்த காட்சிக்குப் பெயராயிற்று. பெயர் புதிது, பொருள் நம் வீடுகளில் நவராத்திரிதோறும் விரிவதுதான். கொலுப்படிகளில் தெய்வங்கள் வீற்றிருக்க, கீழே தரையில் பிள்ளைகள் ‘பார்க்’ அமைப்பார்கள். மணலில் கேழ்வரகும் கடுகும் முளைத்துப் புல்வெளியாகும். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். அக்குளத்து வாத்து, கரையில் நிற்கும் பேருந்தைவிடப் பெரிதாக இருக்கும். தொந்தி பெருத்த செட்டியாரும் அவர் மனைவியும் மளிகைக்கடை பரப்பியிருப்பார்கள். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களின் கைவினைஞர்கள் செய்த திருமண ஊர்வலமும் கிராமக் காட்சியும் அருகில் நிற்கும். படிகளின் உச்சியில் பக்தி, தரையில் நகைப்பு. அன்றாட மனிதன் இடம்பெற்ற பகுதி அத்தரைதான்.

கருநாடகத்திலும் இதே மரபு பொம்மைத் திருவிழாவாக விளங்குகிறது. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றி வண்டிகளும் ரயில்களும் செய்கின்றனர். கூர்முனைகள் இல்லாத அவ்வண்டிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

தொழிற்சாலைப் பொம்மைகளின் கதை வேறு. இலண்டனின் லெஸ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதியால் தம் மகளுக்காகச் சிறு வண்டியொன்றைச் செய்தார். அதிலிருந்து 1953-இல் ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை பிறந்தது. 1968-இல் ‘ஹாட் வீல்ஸ்’ வந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கான மாதிரி வண்டிப் போட்டியை நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி, பின்னர் சிறுவர்கள் தாமே வடிவமைத்த கார். அங்கே விளையாட்டு, வடிவமைப்புத் தொழிலுக்கு வாயிலாயிற்று.

இத்தகைய பெட்டிகள் கைக்கு எட்டாத இடங்களில் சிறுவர்கள் தம் வண்டியைத் தாமே செய்துகொண்டனர். நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்தால் நுங்கு வண்டி. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம். பவுடர் டப்பாவே லாரியின் உடல். சைக்கிள் கம்பியே அச்சு. பெரும்பாணாற்றுப்படை காட்டிய பிரிவு இங்கே மறைந்துவிடுகிறது. செய்தவனே ஆடுகிறான்.

இவ்வரலாற்றைத் தங்கவயலில் வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அது அளவுகோல் பற்றியது. மாதிரி செய்வோர் 1:18, 1:24, 1:43, 1:64 என்று அளவு வகுப்பர். 1:43 என்றால் உண்மைப் பொருள் 43 மடங்கு சுருங்கியுள்ளது என்று பொருள்; நான்கு மீட்டருக்குச் சற்று மிகுந்த கார் பத்து சென்டிமீட்டராகும். எந்த அளவைத் தேர்கிறோம் என்பது வெறும் கணக்கன்று. எது கண்ணுக்குத் தெரியும், எது மறையும் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. இதை 1:64 அளவில் செய்ய முயன்றால் மாதிரியே 50 மீட்டர் உயரம் வேண்டும். ஓர் அறைக்குள் அடக்க வேண்டுமாயின் 1:1000 அளவுக்குச் சுருக்க வேண்டும். அப்போது சுரங்கம் 3.2 மீட்டராகும். ஆனால் அதே அளவில் ஐந்தரை அடித் தொழிலாளி ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்து, ஒரு கடுகளவில் நிற்பான். சுரங்கம் முழுவதும் தெரியும் அளவில் மனிதன் தெரிவதில்லை.

தங்கவயல் வரலாறு பெரும்பாலும் அந்த 1:1000 அளவிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தது, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையானது, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது ஆகிய யாவும் உண்மை, யாவும் தேவை. எனினும் இவற்றில் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வந்து, மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறி, தலைமுறைகளாகக் கூண்டேறி இறங்கிய மனிதர் கடுகளவே. தேரைச் செய்தவர் யார், உருட்டியவர் யார் என்ற பழைய வினாவை இங்கே பொன்னைப் பற்றியும் கேட்க வேண்டியுள்ளது.

ஆகவே ஆண்டர்சன்பேட்டையில் மாதிரி செய்யும் ஆர்வமுள்ள இளைஞர்களிடம் ஒன்று சொல்வேன். வெளிநாட்டுப் பந்தயக் காரோடு நின்றுவிட வேண்டாம். 1964-இல் தோன்றிய பெமல் நிறுவனத்தின் புல்டோசர் உங்கள் ஊருக்கே உரியது. அதைச் செய்யுங்கள். 1:24 அளவைத் தேர்ந்தால் மனிதன் ஏழு சென்டிமீட்டர் இருப்பான். அவன் முகத்தில் சிரிப்பு தெரியும். சயனைடு மேடு பின்னணியாகட்டும். குழாயடியில் ஆளுக்குப் பதிலாகக் குடங்களே வரிசையில் நிற்கட்டும். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரின் விடியற்காலை ரயிலில், சன்னல் வழியே எறிந்த கைக்குட்டை இடம் பிடித்திருக்க, அதன்மேல் வேறொருவர் நிம்மதியாக உறங்கட்டும்.

நகைச்சுவை ஏன் என்று கேட்கலாம். துயரத்தை மட்டும் காட்டும் காட்சியில் மனிதர் இரக்கத்திற்குரியவராக மட்டுமே நிற்பர். அவர்களைச் சிரிப்போடு காட்டும்போது அவர்களுடைய அறிவும் குறும்பும் சேர்ந்தே தெரியும். கொலுவின் தரைப்பகுதி நமக்குக் கற்றுத் தந்தது இதுவே.

இப்பணிக்குக் காலம் குறைவு. சுரங்கம் மூடப்பட்டபோது முப்பது வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். கூண்டில் எத்தனை பேர் எப்படி நின்றனர், விளக்கை எங்கே மாட்டினர், சாப்பாட்டுத் தூக்கை எந்தக் கையில் பிடித்தனர் என்பவற்றை அவரே சொல்ல முடியும். ஆவணங்கள் தரும் நீள அகலங்கள் காத்திருக்கும். அவை காகிதத்தில் உள்ளன. இவ்விவரங்களோ மனித நினைவில் மட்டுமே உள்ளன. ஒரு மாதிரியைச் செய்ய உட்காரும் இளைஞர் இவற்றைக் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் கையை எந்தக் கோணத்தில் வளைப்பது என்றே அவருக்குத் தெரியாது. பேட்டி எடுப்பவர் கேட்க மறக்கும் கேள்வியை, பசையும் கத்தியும் கையிலுள்ளவர் மறக்க இயலாது. அந்த வகையில் இது பொழுதுபோக்கு மட்டுமன்று. வரலாற்று ஆய்வும் ஆகும்.

ஆண்டர்சன்பேட்டை, இராபர்ட்சன்பேட்டை அன்பர்கள் தம் வீட்டில் செய்த பொம்மை வண்டிகள் பற்றியும் கொலுக் காட்சிகள் பற்றியும் கீழே எழுதினால் மகிழ்வேன்.