உலாவிக்கேற்ற ஸ்கிரிப்ட் உருவாக்கம்

இணையப் படிவத்தைத் திறக்கும் உலாவி எது என்று பார்த்து, அதற்குப் புரியும் ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரே எழுதி அனுப்பும் முறை. 1990களின் இறுதியில் வந்த உலாவிப் போட்டியின் விளைவு இது.

தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டா பார்க்கும் படிவத்தை எடுத்துக்கொள்ளலாம். தருமபுரி மாவட்டத்தைத் தேர்ந்தால் அரூர், பாலக்கோடு, பென்னாகரம் முதலான 7 வட்டங்கள் மட்டும் வரவேண்டும். பட்டா எண்ணைக் கொண்டு தேடினால் ஒரு பெட்டி போதும். புல எண் என்றால் உட்பிரிவுக்கும் பெட்டி வேண்டும். இப்படித் தேவைக்கேற்பப் பெட்டியைக் காட்டுவதும் மறைப்பதும் இன்று நாலு வரி வேலை. 1997இல் அப்படியில்லை. நெட்ஸ்கேப் 4 'டாக்குமென்ட்.லேயர்ஸ்' என்று கேட்டால்தான் அசையும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4க்கு 'டாக்குமென்ட்.ஆல்' வேண்டும். இரண்டுக்கும் பொதுவான இலக்கணத்தை இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 அக்டோபரில் வெளியிட்டும், பழைய உலாவிகள் உடனே ஓய்ந்துவிடவில்லை.

உலாவி தன் பெயரை 'யூசர்-ஏஜென்ட்' வரியில் சொல்லும். அதை நம்பித்தான் சர்வர் முடிவெடுத்தது. நம்பத்தக்க சாட்சி அல்ல அது: எக்ஸ்புளோரரே தன்னை நெட்ஸ்கேப்பின் குறிப்பெயரான 'மொசில்லா' என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டது. 2002 ஜனவரியில் வந்த மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி.நெட் உலாவிகளை மேல்நிலை, கீழ்நிலை என்று பிரித்தது. படிவத்தைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் மேல்நிலைக்கு மட்டுமே போனது. ஏஎஸ்பி.நெட்டின் தொடக்கப் பதிப்புகளில் மொசில்லா உலாவி, திறமிருந்தும் கீழ்நிலை வரிசையில் நின்றது. விடுபட்ட பெட்டியைப் பற்றி அதன் பயனர் அறிய, படிவம் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். டயல்-அப் காலத்தில் அது சிறிய காத்திருப்பல்ல.

2006இல் வந்த கூகுள் வெப் டூல்கிட், உலாவிக்கொரு பதிப்பை முன்கூட்டியே தொகுத்து வைத்தது. அதே ஆண்டின் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் இவ்வேறுபாடுகளை உலாவிக்குள்ளேயே சமாளித்ததால் சர்வர் ஊகிக்கும் தேவை குறைந்தது. பெயரைக் கேட்காமல், வசதி இருக்கிறதா என்று சோதிப்பதே பின்னர் வழக்கமாயிற்று. ஸ்கிரிப்ட் எதைச் சரிபார்த்தாலும் சர்வரும் மறுபடி சரிபார்த்தாக வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை. உலாவியில் ஓடுவதை யாரும் நிறுத்திவிடலாம்.

பழைய முறையின் பிற்கால வாரிசு பாலிஃபில்.ஐஓ. உலாவியின் பெயரைப் பார்த்து, அதில் இல்லாத வசதிகளுக்கான நிரலை மட்டும் அது அனுப்பியது. 2024இல் அந்தத் தளம் கைமாறியபின், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்கு அதன் வழியே தீநிரல் சென்றது தெரியவந்தது. குறிப்பிட்ட கைபேசிகளுக்கு, குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே அது வேலைசெய்தது; ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் தரும் சேவை என்பதால் கண்டுபிடிப்பதும் கடினமாயிற்று.